பொங்கலுக்குக் காலியாகும் நகர்

பொங்கலுக்கு ஓசூரிலிருந்து தெற்கே போகிறவர்கள் படும் பாடு வருடா வருடம் செய்தியில் வரும். தெற்கிலிருந்து ஓசூருக்குப் போனவனைப் பற்றி ஒரு வரி வராது. அப்படி ஒருத்தன் இருப்பான் என்றே யாரும் நினைப்பதில்லை. இந்த வருடம் அந்த ஒருத்தன் நான்தான். பெங்களூர் போகும் பேருந்தில் பாதிக்கு மேல் காலி இருக்கை. கிளீனர் என்னையும் என் கையிலிருந்த கரும்புக் கட்டையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போகலியா அண்ணாச்சி என்று விசாரித்தார். ஊரிலிருந்துதான் ஐயா போகிறேன் என்றேன். அவருக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

எல்லாம் என் தங்கை பகவதிக்காக. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இருக்கிறாள். அவள் கணவர் ஆறுமுகம், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர். மற்றவர்கள் லீவில் போய் மிஷின் எல்லாம் நிற்கும்போதுதான் அவர் அவற்றைக் கழற்ற முடியும். ஆகவே பண்டிகை என்றால் ஊருக்கு விடுமுறை, அவருக்கு ஓவர்டைம். இந்தப் பொங்கலுக்கு அவர்களால் எங்கள் ஊரான அம்பாசமுத்திரம், சுருக்கமாக அம்பை, வர முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு உடன்பிறந்தவளுக்குப் பொங்கப்படி கொடுத்தே ஆக வேண்டும். அரிசி, வெல்லம், பானை, இலையோடு மஞ்சள், பனங்கிழங்கு, கரும்பு. அவள் வராவிட்டால் நாம் போக வேண்டும். பெரியண்ணனுக்கு முட்டுவலி. என்னைக் கூப்பிட்டு, "படியைக் குடுத்துட்டு, அந்த விசயத்தையும் சொல்லிட்டு வா" என்றார். அந்த விசயம் என்னவென்றால், சித்திரையோடு மாப்பிள்ளைக்கு ரிட்டயர்மென்ட். அம்பையில் பெரியண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு விலைக்கு வருகிறது. தையில் நல்ல நாள் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டால், பகவதியும் மாப்பிள்ளையும் வந்து குடியேறிவிடலாம். பெரியண்ணன் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார். சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கரும்பை வெட்டக் கூடாது, முழுசாகத்தான் கொண்டு போக வேண்டும் என்பதும் அவர் உத்தரவு. அதனால் பேருந்தின் நடுவழியில் தலை ஓரிடமும் வால் ஓரிடமுமாக அது படுத்திருந்தது. அது தூங்கியதோ இல்லையோ, நான் தூங்கினேன். ஓசூர் மேம்பாலத்தில் கிளீனர் சத்தம் போட்டாராம். நான் கண் விழித்தபோது கடைப் பலகைகளில் எழுத்து மாறியிருந்தது. அத்திப்பள்ளி. கர்நாடகம். பொங்கப்படியோடு வெளிமாநிலம் போன முதல் அண்ணன் எங்கள் வம்சத்தில் நானாகத்தான் இருப்பேன்.

விடிகாலைக் குளிரில் ஓர் ஆட்டோக்காரர் அகப்பட்டார். முதலில் கன்னடத்தில் கேட்டார், பிறகு இந்தியில், பிறகு தெலுங்கில். நான் எல்லாவற்றுக்கும் விழித்ததைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். எல்லை தாண்ட பெர்மிட் இல்லை, எல்லை வரைக்கும் விடுகிறேன் என்றார். அங்கிருந்து தோளில் கரும்பும் கையில் பானையுமாகத் தாய்நாட்டுக்குள் நடந்தே நுழைந்தேன். தேநீர்க்கடைக்காரர் எங்கே ஊர்வலம் என்று கேட்டார். டவுன் பஸ்ஸில் கரும்புக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள். ஓசூர்ச் சந்தை வாசலில் அதே கரும்பு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"கரும்பு இங்க கெடைக்காதுன்னா இம்புட்டுத் தூரம் சொமந்திய?" என்றாள் பகவதி. கேட்டுக்கொண்டே அதை வாங்கி ஆசையோடு தடவிப் பார்த்தாள். பிறகு காபி கொடுத்தாள். பிறகு ஒரு பழைய பெரிய குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பருப்பு இல்லை, சாவிகள். கொத்துக் கொத்தாகச் சாவிகள்.

விவரம் கேட்டேன். இந்தத் தெருவில் ஒவ்வொருவரும் ஊருக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்களாம். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பும்போது அந்தச் சாவியையும் தன் சாவியையும் சேர்த்து அடுத்த வீட்டில் கொடுப்பார். அடுத்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டில். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. இப்படிக் கைமாறி கைமாறி, கடைசியாக மிஞ்சியிருக்கும் வீட்டில் மொத்தத் தெருவும் வந்து சேர்ந்துவிடும். இந்த வருடம் மிஞ்சியது பகவதி. சாவி எந்த வீட்டுடையது என்று அவளுக்கு வளையத்தைப் பார்த்தே தெரிகிறது. சின்னச் செருப்புத் தொங்கினால் ஆரணி, வெங்கடாசலபதி என்றால் தேனி, ஒன்றுமே இல்லாமல் சணல் கயிறு என்றால் கள்ளக்குறிச்சி டீச்சர்.

இங்கே மனிதர்களுக்குப் பெயர் ஊர்தான். ஆரணி அக்கா, தேனி அண்ணன், கள்ளக்குறிச்சி டீச்சர். பகவதி, அம்பை அக்கா. இதே ஆட்கள் தங்கள் ஊருக்குப் போனால் அங்கே எல்லோருக்கும் ஒரே பெயர், ஓசூர்க்காரங்க. இருக்கிற இடத்தில் இல்லாத ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள் பாவம்.

நகருக்கும் ஒரு பெயர் உண்டு. நுழைவு வளைவில் இங்கிலீஷில் நீளமாக இருந்ததாம், எழுத்துகள் உதிர்ந்து இப்போது கார்டன் என்பது மட்டும் மிச்சம். கார்டனைத் தேடினேன். பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் மூன்று கார்கள் போர்வை போர்த்தி நின்றன. நகரின் வரலாற்றைப் பால் கொண்டு வந்த நாகம்மா சொன்னார். ஐம்பது வயதிருக்கும், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இந்தத் தெரு முழுக்க அவர் மாமனாரின் கிணற்றுக் கொல்லையாம். கேழ்வரகும் அவரையும் விளைந்த பூமி. இன்றைக்கும் அவருக்குத் தெரு எண் தெரியாது. ஆரணி அக்கா வீடு நின்ற இடம் களத்துமேடு, டீச்சர் வீடு கிணறு. டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை, பயந்துக்குவாங்க என்றார்.

விற்றது எப்படி என்று கேட்டதற்கு விலாவாரியாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வேனாக ஆட்களைக் கூட்டி வந்து பிரியாணி போட்டார்களாம். அரசாங்கக் கால்நடைப் பண்ணையின் மரங்களைத் தூரத்திலிருந்து காட்டி, காலையில் ஜன்னலைத் திறந்தால் இதுதான் தெரியும் என்றார்களாம். இப்போது ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல் தெரிகிறது. பெங்களூர் ரொம்பப் பக்கம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதில் பொய் இல்லை என்று அன்று காலை எனக்கே தெரிந்தது.

போகியன்று சாயங்காலம் மாப்பிள்ளை கிரீஸ் கையோடு வந்து உட்கார்ந்ததும் நான் விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. "பெரியத்தான்கிட்ட சரின்னு சொல்லிருங்க மச்சான். காலையில ஆத்துல ஒரு முங்கு, மத்தியானம் ஒரு தூக்கம். இந்தக் குளிர்ல கிடந்து செத்தது போதும்" என்றார். பகவதி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். ராத்திரிக்குத் தோசையா சப்பாத்தியா என்று கேட்டாள். தோசை என்றார். காரியம் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் பகவதி குக்கரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தினமும் எல்லா வீட்டிலும் விளக்குப் போட வேண்டுமாம், ஆள் இருக்கிற மாதிரி தெரிய. நானும் மப்ளரைச் சுற்றி, குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு கூடவே போனேன். ஆள் இல்லாத வீடுகளைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். எல்லா வீட்டுக் கூடத்திலும் சொந்த ஊர்க் கோபுரமோ, சொந்த ஊர் மாடோ சட்டம் போட்டுத் தொங்குகிறது. எல்லாக் கடிகாரமும் கம்பெனி பஸ்ஸுக்காக முன்னால் ஓடுகிறது. நல்ல சாமான் எதுவும் பிரிக்கப்படவில்லை. ஊரில் வீடு கட்டும்போது வைப்பதற்காம். ஆரணி அக்காவின் படுக்கையறையில் தள்ளுபடியில் வாங்கிய வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று பிளாஸ்டிக் உறையோடு, கட்டிலுக்குப் பக்கத்தில் மரியாதையாக நின்றது. வருடக்கணக்காக நிற்கிறதாம். அதன்மேல் மடித்த துணிகள் இருந்தன.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று டீச்சர் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு நான் மட்டும் அங்கே போனேன். சுவிட்சைத் தேடித் தடவியதில் விளக்கு எரியவில்லை, எங்கோ மோட்டார் ஓடியது. அதை அணைக்க இன்னொன்றைத் தட்டினேன், அழைப்பு மணி அடித்தது. இதற்குள் கள்ளக்குறிச்சியில் டீச்சர், வீட்டில் மாட்டி வைத்திருந்த கேமரா வழியாகத் தன் கைப்பேசியில் என்னைப் பார்த்துவிட்டார். குல்லாவும் மப்ளருமாக ஓர் உருவம் சுவரைத் தடவுகிறது. அவர் உடனே அந்தப் படத்தை நகர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, திருடன் என்று எழுதிவிட்டார். ஆரணியிலும் தேனியிலும் பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்திருக்கிறார்கள். நானும் கதை எழுதுகிறவன்தான், என் வாழ்நாளில் என் எழுத்தை இத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை.

நான் வாசலுக்கு வந்தபோது நாகம்மாவின் கணவர் முனிராஜு தடியோடு நின்றார். யாரென்று முதலில் தெலுங்கில் அதட்டினார், பிறகு கன்னடத்தில், பிறகு தமிழில். நான் பதிலுக்கு நெல்லைத் தமிழில் உளறினேன். அது அவருக்கு நாலாவது பாஷை. தடி உயர்ந்தது. நல்லவேளை, பகவதி எதிர்வீட்டு மாடியிலிருந்து, "முனிராஜண்ணா, அது எங்கண்ணன்" என்று கத்தினாள். தடி இறங்கியது. பகவதி விவரத்தைப் போட்டதும் குழுவில் வரிசையாகக் கும்பிடுகள் வந்தன. கும்பிட்ட கையோடு, வந்ததுதான் வந்தார், எங்கள் வீட்டு கேஸ் மூடியிருக்கிறதா என்று அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சிலர் போட்டிருந்தார்கள். இதற்குள் டீச்சர் வீட்டுத் தொட்டி நிரம்பித் தெருவில் ஆறு ஓடியது.

பொங்கலன்று காலை பகவதி நடுத்தெருவிலேயே அடுப்புக் கூட்டினாள். மறிக்க ஆளில்லை, வண்டி இல்லை. மாப்பிள்ளை விடியுமுன்பே தொழிற்சாலைக்குப் போய்விட்டார். நான், அவள், நாகம்மா, ஒரு நாய். பானை பொங்கியதோ இல்லையோ, போன் பொங்கியது. தேனி அண்ணன் வீடியோவில் வந்து, கொஞ்சம் எங்கள் வீட்டைக் காட்டுங்கள் அக்கா என்றார். பகவதிக்குக் கை வேலை. போனைப் பிடித்துக்கொண்டு நான் அவர் வீட்டுக் கேட்டிலிருந்து மொட்டைமாடி வரை காட்டினேன். மறுபக்கம் அவர் அண்ணன் தம்பிகள் எட்டிப் பார்க்க, இவர் பெருமையாக விளக்கம் சொன்னார். மாடுலர் கிச்சனை இரண்டு தடவை காட்டச் சொன்னார். சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஓசூரைப் படம் போட்டுக் காட்ட வேண்டிய தலையெழுத்து எதனாலோ.

மத்தியானம் நாகம்மா ஒரு முறம் அவரைக்கொட்டை கொண்டு வந்து வைத்தார். இந்தப் பக்கம் பொங்கல் பருவத்தில் அதை ஊற வைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைக்கிறார்கள். பிதுக்கம்பருப்பு. தின்பதற்கு ஆகும் நேரம் கொஞ்சம், பிதுக்க அரை நாள். பகவதியின் விரலில் பருப்பு தானாகத் துள்ளி விழுந்தது. என்னுடையது எதிர்ச்சுவரில் போய் அடித்தது. பொழுது போக வேண்டுமே என்றுதான் பேச்சுக் கொடுத்தேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. உனக்கு எங்கே இருக்கணும்னு இருக்கு பகவதி என்று கேட்டேன்.

அவள் கை நின்றுவிட்டது. "எனக்கா?" என்றாள். யாரையோ கேட்கிறேன் என்பதுபோலத் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

ஆமாம், உனக்குத்தான் என்றேன்.

கையிலிருந்த கொட்டையை முறத்தில் திருப்பிப் போட்டாள். "அம்பையில இப்ப என்னிய யாருக்குண்ணே தெரியும்? பெரியண்ணன் தங்கச்சி, அவிய பொண்டாட்டி, அம்புட்டுத்தான். மதினி என்ன கொழம்பு வைக்கான்னு கேட்டுக்கிட்டு, அண்ணன் எப்ப சாப்பிடுவாருன்னு பாத்துக்கிட்டு கெடக்கணும். இங்க பாஷை தெரியாம வந்து எறங்குனேன். பாலுக்கு என்ன சொல்லணும்னு தெரியாது. இப்ப பாருங்க, ஒரு ஊரே என்ன நம்பி வீட்டைத் தொறந்து போட்டுட்டுப் போயிருக்கு. எனக்கு இங்கதாண்ணே இருக்கணும். நான் இங்கயே சாகணும்." சொல்லிவிட்டு மறுபடி பிதுக்க ஆரம்பித்தாள். "அவியகிட்ட சொல்லிராதீங்க, ஆத்துல குளிக்கணும்னு ஆசையா இருக்காவ" என்றாள். நாகம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். என் பங்குக் கொட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து எத்தனையோ முறை நலம் விசாரித்திருக்கிறோம், இதை விசாரித்ததில்லை.

மாட்டுப் பொங்கலன்று முனிராஜு மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கப் போகும் வழியில் ஆரணி அக்காவின் கார் வளைவுக்குள் நுழைந்தது. லீவு இன்னும் இருந்தது. கேட்டதற்கு, ஊரில் மழை வரும்போல இருந்ததாம். வானம் பளிச்சென்றிருந்தது. பின்னாலேயே தேனி அண்ணன் குடும்பம், பையனுக்கு டியூஷன் என்றார்கள். பொங்கலில் எந்த மகராசன் டியூஷன் எடுக்கிறான் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் டீச்சர். அவருக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். என்னை நேரில் பார்த்ததும், படத்தில் வேறு மாதிரி இருந்தீர்கள் என்று சமாதானம் சொன்னார்.

சாவி வாங்க வந்தவர்கள் வாசலில் சொன்னது ஒன்று, அடுப்படியில் பகவதியிடம் காபி குடித்துக்கொண்டே சொன்னது வேறு. கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஆரணி அக்காவுக்கு அண்ணன் வீட்டில் ஒரே அறையில் எல்லோரோடும் படுக்கை. தேனி அண்ணனுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு விருந்தாளி மாதிரி உட்கார வைத்து, எப்போ கிளம்புறீங்க என்று வந்த அன்றே கேட்டிருக்கிறார்கள். டீச்சர் வீட்டில் பாகப்பிரிவினை. டீச்சர் அழுதார். பகவதி, நாகம்மாவிடம் வாங்கிய பாலில் இன்னொரு காபி போட்டாள். ஒவ்வொருவரிடமும் அவரவர் ஊர்ப் பேச்சில் பேசினாள், நாகம்மாவிடம் தெலுங்கில், என்னிடம் மட்டும் எங்கள் பேச்சில்.

அன்று மாப்பிள்ளை வந்து பிதுக்கம்பருப்புக் குழம்போடு சாப்பிட உட்கார்ந்தார். பெரியத்தானுக்குப் போன் போட்டாச்சா மச்சான் என்று கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். சொல்ல வேண்டாம் என்று பகவதி கேட்டுக்கொண்டது ஒரு பக்கம், இந்த மனுஷனின் ஆறு ஒரு பக்கம். வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

பகவதியே திறந்தாள். கரண்டியைக் குழம்பில் வைத்துவிட்டு, "நான் வரல" என்றாள். "ஆத்துல குளிக்கணும்னா நீங்க போயி இருந்துட்டு வாங்க, வேணாங்கல. நான் இங்கதான் இருப்பேன்."

அவர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்தார், நான் அப்பளத்தைப் பார்த்தேன். இதென்ன புதுசா இருக்கு என்று சத்தம் போட்டார். ஊரில் தலைகாட்ட முடியுமா, வாடகை வீட்டுக்காரன் மாதிரி அடுத்தவன் சீமையிலேயே கிடக்கணுமா என்றார். இது நம்ம கட்டுன வீடு என்று அவள் நினைவுபடுத்தினாள். அவ்வளவு கோபத்திலும் தட்டைத் தள்ளவில்லை, குழம்பு அப்படி. ஆனால் மறுசோறு கேட்கவில்லை. எழுந்து போய் வெளியில் நின்றுகொண்டார். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. யாரோ கூப்பிட்டு, ஆரணியிலிருந்து கொண்டு வந்த சீரகச் சம்பா அரிசிப் பையை அவர் கையில் திணித்தார்கள். அதோடு அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

காணும் பொங்கலன்று காலை என்னை வழியனுப்ப அவரே ஸ்கூட்டரில் வந்தார். பேருந்து நிலையத்தில் இறங்கியதும், "இந்தக் குளிர் மட்டும் இல்லேன்னா நல்ல ஊருதான் மச்சான்" என்றார். நல்ல ஸ்வெட்டரா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்றேன். பார்க்கணும் என்றார். எனக்கு அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைகளைக் கட்டிக்கொள்கிற வழக்கம் இல்லாததால் அவர் தோளிலிருந்த தூசியைத் தட்டிவிட்டேன்.

திரும்பி வரும்போது ஜன்னலோர இருக்கை. எதிர்ப்பக்கம் ஓசூர் போகும் பேருந்துகளில் நிற்க இடமில்லாமல் ஜனம். கிருஷ்ணகிரி தாண்டியதும் பெரியண்ணன் போன். சொல்லிட்டியா, எப்போ வாறாவளாம் என்று கேட்டார். வரலை என்றேன். யார் சொன்னா, மாப்பிள்ளையா என்றார். பகவதி சொன்னாள் என்றேன். அவர் நம்பவில்லை. அவ வாயத் தொறந்து ஒண்ணு சொல்லி நான் கேட்டதில்லையே, அவளா எப்படிச் சொன்னா என்று குடைந்தார். அவளாகச் சொல்லவில்லை, உனக்கு எங்கே இருக்கணும் என்று நான் கேட்டேன், அதற்குத்தான் சொன்னாள் என்றேன்.

பெரியண்ணன் குரல் ஏறியது. அதில் இருந்த கோபம் முழுக்க என் மேல்தான்.

"ஏலே, ஒன்ன அவகிட்ட சொல்லிட்டு வரத்தானலே அனுப்புனேன். கேட்டுட்டு வரவா சொன்னேன்?"